முட்டைகோஸ்: வெட்டாமல் ஒரு மாதம், வெட்டிவிட்டால் ஃப்ரீஸர்

போன மழைக்காலத்தில் எங்கள் தெருவில் ஒரு லோடு ஆட்டோ "மூணு கோஸ் அம்பது, மூணு கோஸ் அம்பது" என்று ஸ்பீக்கரில் கத்திக்கொண்டு போனது. வீட்டில் நாங்கள் மூன்றே பேர், அதில் ஒருத்தி கோஸைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கிற வயசு. இருந்தாலும் வாங்கிவிட்டேன். மூன்றும் சேர்ந்து நாலு கிலோவுக்கு மேல் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மூன்றையும் பொடியாக நறுக்கி, கழுவி, சொட்டச் சொட்ட ஒரே கவரில் அள்ளிப் போட்டு ஃப்ரீஸரில் திணித்தேன். ரொம்ப சாமர்த்தியம் பண்ணிவிட்டதாக நினைப்பு வேறு. பத்து நாள் கழித்து எடுத்தால் அது கோஸ் இல்லை, செங்கல். குழவிக்கல்லால் உடைத்து வாணலியில் போட்டேன், ஒரு டம்ளர் தண்ணீர் விட்டது. பொரியல் என்று ஆரம்பித்தது கூழாக முடிந்தது. அந்த வாசனையைப் பற்றிப் பேச வேண்டாம், பக்கத்தில் வைத்திருந்த ஐஸ்கிரீமுக்கும் அது ஏறிவிட்டது.

அதற்கப்புறம் நிறைய படித்து, நிறைய கெடுத்து, ஒரு வழிக்கு வந்திருக்கிறேன். அன்றைக்கு நான் செய்த பெரிய தப்பு ஃப்ரீஸரில் வைத்தது இல்லை, மூன்றையும் வெட்டியதுதான்.

முழுசாக இருக்கும்வரை அவசரமே இல்லை

கோஸ் தன்னைத் தானே பொட்டலம் கட்டிக்கொண்டு வரும் காய். நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர், அந்தத் தண்ணீரை ஒன்றன்மேல் ஒன்றாக மூடிய இலைகள் காவல் காக்கின்றன. குளிர்பதனக் கிடங்குகளில் 0 டிகிரிக்கு ஒட்டியும் ஈரப்பதம் 95 சதவீதத்துக்கு மேலும் வைத்தால், இறுக்கமான ரகங்கள் மாதக்கணக்கில் நிற்கும். நம் வீட்டு ஃப்ரிட்ஜின் காய்கறி ட்ரேயில் அந்தக் குளிர் வராது, ஆனாலும் மூன்று நாலு வாரம் தாராளமாக வரும். கீரை மூன்றாம் நாளே வாடிவிடும் வீட்டில், ஒரு மாதம் காத்திருக்கத் தயாராக இருக்கிற காயைப் போய் ஏன் முதல் நாளே வெட்ட வேண்டும்?

வாங்கும்போதே பாதி வேலை முடிந்துவிடுகிறது. கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்க வேண்டும், இரண்டு கையாலும் அழுத்தினால் உள்ளே போகக் கூடாது. தொளதொளவென்று இருப்பது அன்றைக்கே கூட்டு வைக்கத்தான் லாயக்கு. மழைக்குப் பிறகு வருபவற்றில் சில தலை வெடித்திருக்கும், முற்றிய கோஸ் திடீரென்று தண்ணீர் குடித்தால் அப்படித்தான் ஆகும். அந்த வெடிப்பு வழியாகத்தான் அழுகலும் புழுவும் உள்ளே போகும், அதனால் விலை குறைவாகக் கொடுத்தாலும் சேமிக்க என்று அதை வாங்காதீர்கள். அப்புறம் அடித்தண்டின் வெட்டுவாயைப் பாருங்கள். வெள்ளையாக, ஈரமாக இருந்தால் சமீபத்தில் அறுத்தது. பழுப்பேறிக் காய்ந்து கீறல் விட்டிருந்தால் நீலகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டி, அங்கிருந்து உங்கள் ஊர் மார்க்கெட், அங்கிருந்து கடை என்று நிறைய நாள் சுற்றிவிட்டு வந்திருக்கிறது.

கடைக்காரரிடம் இன்னொன்றும் சொல்லலாம்: "மேல் இலையை உரிக்காதீங்க." அழகாக இருக்கட்டும் என்று வெளிப்பச்சை இலைகளை உரித்துப் போட்டுவிடுவார்கள். அந்த முரட்டு இலைதான் உள்ளே இருப்பதற்குப் போர்வை, அது இருந்தால் கோஸ் இன்னும் சில நாள் கூட நிற்கும்.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியது ரொம்பக் கொஞ்சம்தான். கழுவக் கூடாது. ஈரம் இருந்தால் துணியால் ஒற்றி எடுங்கள். அழுகிய இலை ஏதாவது இருந்தால் அதை மட்டும் எடுத்துவிட்டு, மெல்லிய பருத்தித் துணியிலோ வெள்ளைத் தாளிலோ சுற்றி, வாய் லேசாகத் திறந்த ஒரு கவரில் போட்டு ட்ரேயில் வைத்தால் முடிந்தது. செய்தித்தாளில் சுற்றுவது நம் பழக்கம், ஆனால் அச்சு மை உணவில் படக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே எச்சரித்திருக்கிறது. மேல் இலையை எப்படியும் உரித்து எறியப்போகிறோம் என்றாலும், பழைய வேட்டித் துண்டு வீட்டில் இருக்கும்போது பேப்பர் எதற்கு. ஃப்ரிட்ஜின் பின்சுவரை ஒட்டி மட்டும் வைக்காதீர்கள், சில ஃப்ரிட்ஜில் அங்கே காய் உறைந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடும்.

பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதும் முக்கியம். ஆப்பிள், வாழைப்பழம், மாம்பழம், தக்காளி இதெல்லாம் பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை விடும். கோஸுக்கு அது ஆகாது. இலை மஞ்சளாகும், தண்டிலிருந்து தானாகக் கழன்று உதிரும். பழமெல்லாம் மேல் தட்டில், கோஸ் கீழே தனியாக. எங்கள் வீட்டில் இந்த ஒரு மாற்றத்துக்கே நல்ல வித்தியாசம் தெரிந்தது.

ஃப்ரிட்ஜே இல்லாதவர்கள், அல்லது இடம் இல்லாதவர்கள்? சமவெளி வெயிலில் மாதக் கணக்கெல்லாம் வேண்டாம், நாலைந்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்டை நீட்டாக விட்டு அறுத்த கோஸ் கிடைத்தால் அதில் கயிறு கட்டி, தலைகீழாக, காற்றோட்டமான நிழலில் தொங்கவிடலாம். தரையில் வைத்தால் அடியில் வியர்த்து அங்கிருந்து அழுகும், தொங்கினால் அந்தத் தொல்லை இல்லை.

இடையில் ஒரு சந்தேகம் பலருக்கும் வரும். வெட்டிப் பார்த்தால் உள் இலைகளில் மிளகுப்பொடி தூவின மாதிரி சின்னச் சின்னக் கரும்புள்ளி இருக்கும். பூஞ்சை என்று பயந்து முழுசையும் குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும், நானும் ஒருமுறை போட்டேன். புள்ளி இலையின் சதைக்குள்ளேயே இருந்து, தேய்த்தாலும் போகாமல், வழவழப்பும் நாற்றமும் இல்லாமல் இருந்தால் அது நோய் இல்லை, வளர்ந்த விதத்தாலும் குளிரில் இருந்ததாலும் வரும் கோளாறு, சாப்பிடலாம். பஞ்சு போல மேலே படர்ந்திருந்தாலோ, விரலில் வழுக்கினாலோ, அது வேறு விஷயம். தூக்கிப் போடுங்கள்.

பாதி வெட்டியது

மூன்று பேர் வீட்டில் ஒரு கோஸ் ஒரே நாளில் தீராது. அதற்கு நான் இப்போது செய்வது, பாதியாகப் பிளக்காமல் வெளியிலிருந்து இலை இலையாகக் கழற்றுவது. அடித்தண்டில் காம்பை ஒரு கீறு கீறினால் இலை முழுசாக வந்துவிடும், அன்றைய பொரியலுக்கு ஏழெட்டு இலை போதும். மிச்சம் இருப்பது கொஞ்சம் சிறுத்த முழு கோஸ். வெட்டுவாய் கிடையாது, கறுப்பும் கிடையாது. சில இறுக்கமான ரகத்தில் இலை கிழியும், கிழியட்டும், எப்படியும் நறுக்கத்தான் போகிறோம்.

வெட்டியே ஆக வேண்டும் என்றால் வெட்டுவாயில் காற்று படாமல் க்ளிங் ஃபிலிம் என்கிற மெல்லிய பிளாஸ்டிக் தாளால் இறுக்கமாக மூடி, ஃப்ரிட்ஜில் ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். மறுபடி எடுக்கும்போது முகப்பு பழுப்பேறியிருந்தால் ஒரு சீவு சீவிவிட்டால் உள்ளே வெள்ளைதான். பொடியாக நறுக்கியது என்றால் மூன்று நாள், மிஞ்சினால் நாலு. கடுகும் கோஸும் ஒரே குடும்பம், கடுகை அரைத்தால் வருகிற அந்த நெடி கோஸை வெட்டினாலும் வரும். இலையின் நுண்ணிய செல் உடைந்ததும் உள்ளே தனித்தனியாக இருந்த இரண்டு பொருள்கள் கலந்து இந்த நெடியை உண்டாக்குகின்றன. எத்தனை பொடியாக நறுக்குகிறோமோ அத்தனை செல் உடைகிறது, அத்தனை வேகமாக நாறும். டப்பாவின் அடியில் உலர்ந்த துணி ஒன்றை விரித்துப் போட்டால் வியர்வையை அது குடித்துக்கொள்ளும்.

சரி, எப்போதுதான் உறைய வைப்பது

ஊருக்குக் கிளம்புகிறீர்கள், வீட்டில் இரண்டு கோஸ் கிடக்கிறது. அல்லது விசேஷத்துக்கு வாங்கியது மீந்துவிட்டது. அல்லது காலையில் ஆறு மணிக்கு டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும், நறுக்க நேரமில்லை. இதற்கெல்லாம் ஃப்ரீஸர் நல்ல துணை. சாலட்டுக்கும் தயிர்ப் பச்சடிக்கும் மட்டும் முடியவே முடியாது. உறையும்போது உள்ளே இருக்கிற தண்ணீர் பனிக்கட்டிப் படிகமாகி செல் சுவரைக் கிழித்துவிடும், உருகியதும் மொறுமொறுப்பு போய்த் துவண்டுவிடும். எந்த வித்தை செய்தாலும் அது திரும்பாது. ஆகவே கத்தியை எடுப்பதற்கு முன்பே இது எந்தச் சமையலுக்கு என்று முடிவு செய்யுங்கள், வெட்டும் அளவும் கொதிக்கிற நேரமும் அதை வைத்துத்தான். கூட்டு, சாம்பார், குருமா, சூப் என்றால் ஒரு அங்குலத் துண்டு. பொரியல், ஃப்ரைட் ரைஸ், நூடுல்ஸ் என்றால் கொஞ்சம் தடித்த நீள நறுக்கல். துருவல் வேண்டாம், களியாகிவிடும்.

முதலில் கோஸை நாலாகப் பிளந்து, நடுத்தண்டை எடுத்துவிட்டு, உப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் கவிழ்த்து வையுங்கள். மஞ்சளும் ஒரு சிட்டிகை போடலாம், எங்கள் அம்மா போடுவார்கள். கோஸில் வரும் குட்டிப் பச்சைப் புழு பெரும்பாலும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழுதான், இலை மடிப்புக்குள் ஒளிந்திருக்கும், உப்பு பட்டால் நிறைய வெளியே வந்து மிதக்கும். அப்புறம் ஓடும் தண்ணீரில் இலைகளை விரித்துக் கழுவி நறுக்குங்கள்.

அடுத்தது பிளாஞ்சிங், அதாவது கொதிநீரில் கொஞ்ச நேரம் முக்கி எடுப்பது. இந்த வேலையைத்தான் நான் முதல் தடவை விட்டுவிட்டேன். ஃப்ரீஸர் கிருமியின் வளர்ச்சியை நிறுத்தும், ஆனால் காய்க்குள் இருக்கிற என்சைம்கள், அதாவது வேதிமாற்றத்தைத் தூண்டுகிற பொருள்கள், குளிரிலும் மெல்ல வேலை செய்துகொண்டே இருக்கும், நிறம் மங்குவதும் வைக்கோல் வாசனை வருவதும் அவற்றால்தான். கொதிநீரில் போட்டால் அவை அடங்கும். இதைச் செய்யாமலும் உறைய வைக்கலாம், ஒரு மாதத்துக்குள் சாப்பிட்டுவிடுவேன் என்றால். அதற்கு மேல் என்றால் கண்டிப்பாகச் செய்யுங்கள்.

அரைக் கிலோ கோஸுக்கு நாலு லிட்டர் தண்ணீராவது வேண்டும். பெரிய குண்டானில் தளதளவென்று கொதிக்க வையுங்கள். கோஸைப் போட்டதும் கொதி அடங்கும், ஒரு நிமிடத்துக்குள் மறுபடி கொதிக்க வேண்டும். கொதிக்கவில்லையா, ஒரேயடியாக நிறைய போட்டுவிட்டீர்கள், அடுத்த ஈட்டுக்குப் பாதியாகக் குறையுங்கள். நேரத்தை மறுபடி கொதித்த நொடியிலிருந்து எண்ண வேண்டும். நறுக்கலுக்கு ஒன்றரை நிமிடம், பெரிய துண்டுகளுக்கு மூன்று நிமிடம். போனில் டைமர் வையுங்கள், "ஒரு கண்ணசைவில் தெரியும்" என்று நம்பினால் வெந்துவிடும். குறைந்த நேரம் போட்டாலும் ஆபத்து, அரை வெப்பம் என்சைமை அடக்காமல் தூண்டிவிடும், அதற்குப் போடாமலே இருக்கலாம். ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா போல ஐயாயிரம் அடிக்கு மேல் இருப்பவர்கள் இன்னொரு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள், ஊட்டி உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். இலை பச்சையாகத் தெரியட்டும் என்று சோடா உப்பு போடுகிறவர்கள் உண்டு, வேண்டாம், இலை குழையும், வைட்டமினும் போகும்.

அவ்வளவு தண்ணீர் காய்ச்ச கேஸ் செலவாகிறதே என்றால் இட்லிக் கொப்பரை இருக்கிறது. தட்டில் மெல்லிய துணி விரித்து, நறுக்கலை ஒரு அங்குலத்துக்கு மேல் போகாமல் பரப்பி, ஆவி நன்றாக வந்தபின் மூடி வையுங்கள். ஆவியில் நேரம் ஒன்றரை மடங்கு, ஆக நறுக்கலுக்கு இரண்டேகால் நிமிடம், பெரிய துண்டுக்கு நாலரை. வைட்டமின் சி தண்ணீரில் கரைந்து போவதும் குறைவு. எனக்கு இப்போது இதுதான் வழக்கம்.

எடுத்த கையோடு ஐஸ் தண்ணீர். மே மாதத்தில் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வருகிறது, அதில் போட்டால் கோஸ் வெந்துகொண்டேதான் இருக்கும். அதனால் முந்தின நாளே இரண்டு ட்ரே ஐஸ் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். கொதித்த நேரம் எவ்வளவோ அதே நேரமாவது குளிரட்டும், கையில் எடுத்தால் நடுத்துண்டும் சில்லென்று இருக்க வேண்டும்.

இனி ஈரம். இங்கேதான் செங்கல்லும் உதிரியும் பிரிகின்றன. வடிதட்டில் கொட்டிப் பத்து நிமிடம் விடுங்கள், பிறகு கைப்பிடி கைப்பிடியாக லேசாகப் பிழியுங்கள், பழத்தைப் பிழிகிற வேகம் வேண்டாம், இடியாப்ப மாவை ஒன்று சேர்ப்பது போல. கடைசியாக ஒரு பருத்தித் துண்டில் பரப்பி மேலே இன்னொரு துண்டால் ஒற்றுங்கள். இதற்கு மேலும் பொறுமை இருந்தால் ஒரு எவர்சில்வர் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி ஒன்றிரண்டு மணி நேரம் ஃப்ரீஸரில் வைத்து, உறைந்தபின் உதிர்த்து கவரில் போடுங்கள், வேண்டிய அளவு கையால் அள்ளி எடுக்கலாம். எங்கள் ஃப்ரீஸரில் தட்டு வைக்க இடமில்லை, அதனால் நான் கவரில் போட்டுப் புத்தகம் போலத் தட்டையாகத் தட்டிவிடுகிறேன். தட்டையாக இருந்தால் சீக்கிரம் உறையும், வேண்டிய துண்டை ஒடித்தும் எடுக்கலாம்.

ஜிப் கவர் தடிமனாக இருக்கட்டும், பலசரக்குக் கடை கேரி பேக் கூடாது. ஒரு கவரில் ஒரு வேளைக்கு வேண்டியது மட்டும், எங்களுக்குக் கால் கிலோ. ஜிப்பை ஓரத்தில் கொஞ்சம் விட்டு மூடி, கவரை ஒரு வாளித் தண்ணீரில் வாய் நனையாமல் மெல்ல இறக்குங்கள், தண்ணீரின் அழுத்தமே காற்றை வெளியேற்றும், உடனே மிச்சத்தையும் மூடிவிடலாம். டப்பாவில் போடுகிறவர்கள் மேலே அரை அங்குலம் விட்டு வையுங்கள், உறைந்தால் உள்ளே இருப்பது உப்பிப் பெருகும். தேதியும் "கூட்டு" "பொரியல்" என்றும் மார்க்கரில் எழுதுங்கள், கவர் காய்ந்திருக்கும்போதே.

ஒரே நாளில் எல்லாவற்றையும் திணிக்காதீர்கள். ஒரு கன அடி இடத்துக்கு, அதாவது 28 லிட்டருக்கு, ஒரு நாளைக்கு ஒரு கிலோ என்பது கணக்கு. சாதாரண ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் என்றால் ஒரு கிலோவோடு நிறுத்துங்கள். மெதுவாக உறைந்தால் படிகம் பெரிதாகும், பெரிதானால் கோஸ் கூடுதலாகக் குழையும்.

எத்தனை நாள் வைக்கலாம்? மைனஸ் 18 டிகிரியில் பிளாஞ்சிங் செய்தது எட்டு மாதம், பத்து மாதம் கூட நிற்கும். ஆனால் பல வீட்டு ஃப்ரீஸர் அந்தக் குளிருக்குப் போவதில்லை. ஐஸ்கிரீமை உள்ளே வைத்து மறுநாள் ஸ்பூனால் குத்திப் பாருங்கள், சுலபமாக இறங்கினால் உங்கள் பெட்டிக்கு இரண்டு மூன்று மாதமே கணக்கு. மின்வெட்டும் இருக்கிறது. கதவைத் திறக்காமல் விட்டால் நிறைந்த பெரிய ஃப்ரீஸர் இரண்டு நாள் தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள், ஃப்ரிட்ஜின் மேல் பெட்டி அதைவிடக் குறைவு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பல பகுதிகளில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை, அந்த மாதிரி நேரத்தில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். கவருக்குள் இன்னும் பனித்துகள் தெரிந்தால் மறுபடி உறைய வைக்கலாம். முழுசாக உருகி, குளிர்ச்சியும் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தால் குப்பைக்கு.

ஊதா கோஸ் பற்றி ஒரு வரி. போர் தண்ணீரில் பிளாஞ்சிங் செய்தால் நீலமாகிவிடும், உஜாலாவில் முக்கின மாதிரி. தண்ணீர் காரத்தன்மையாக (மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரானது) இருப்பதுதான் காரணம், இரண்டு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டால் நிறம் நிற்கும்.

எடுத்துச் சமைப்பது

உருக வைக்காதீர்கள். கூட்டுக்கு என்றால் பாசிப்பருப்பு முக்கால் பதம் வெந்ததும் உறைந்த கோஸை அப்படியே போடுங்கள், ஏற்கனவே பாதி வெந்தது, ஐந்து நிமிடம் போதும். பொரியலுக்கு வாணலி நன்றாகக் காய வேண்டும். கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய் தாளித்ததும் கோஸைப் போட்டுப் பெருந்தீயில், மூடாமல், தண்ணீர் தெளிக்காமல் புரட்டுங்கள், உப்பு கடைசியில். மூடினால் பழைய கதைதான். வடைக்கும் பக்கோடாவுக்கும் மட்டும் உருக வைத்து, நன்றாகப் பிழிந்து, மாவில் தண்ணீரே சேர்க்காமல் பிசையுங்கள்.

இலைக்குள் பூரணம் வைத்துச் சுருட்டி ஆவியில் வேகவைக்கிறவர்களுக்கு உறைதல் ஒரு தொந்தரவே இல்லை, வசதி. சின்ன முழு கோஸை, தண்டை மட்டும் குடைந்து எடுத்துவிட்டு, கவரில் போட்டு அப்படியே உறைய வையுங்கள். முந்தின இரவு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றினால் மறுநாள் இலைகள் துணி மாதிரி துவண்டு, கிழியாமல் ஒவ்வொன்றாகப் பிரியும், வெந்நீரில் முக்கி மென்மையாக்குகிற வேலை மிச்சம்.

வெட்டி எடுத்த நடுத்தண்டுகளை நான் எறிவதில்லை. நார்த்தோலைச் சீவி, சின்னதாக நறுக்கி, தனிக் கவரில் சேர்த்துக்கொண்டே வருகிறேன். கவர் நிறைந்ததும் காய்ந்த மிளகாய், புளி, உளுத்தம்பருப்போடு வதக்கித் துவையல். அந்தத் தட்டு ஓர ஒதுக்கல்காரி இதை இன்னும் கண்டுபிடிக்கவில்லை, தேங்காய்த் துவையல் என்று நினைத்துத் தோசைக்குத் தொட்டுச் சாப்பிடுகிறாள்.